ஊஞ்சலும் சூத்திரமும்

சென்ற கோடையில் ஒரு நாள் மாலை, தில்லி வெயில் சற்றே தணிந்த வேளையில், நம் குடியிருப்பை அடுத்த பூங்காவில் உலாவச் சென்றிருந்தோம். அங்கே நமக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் இருவர் ஊஞ்சலருகே வாதிட்டுக்கொண்டிருந்தனர். அண்ணன் பதினோராம் வகுப்பு மாணவன். பௌதிகத்தில் எப்பொழுதும் முதல் மதிப்பெண் பெறுபவன். தங்கைக்குப் பத்து வயது.

"அண்ணா, உட்கார்ந்து ஆடுவதைவிட நின்றுகொண்டு ஆடினால் ஊஞ்சல் சீக்கிரம் போய்ச் சீக்கிரம் திரும்புகிறது. ஏன்?" என்று கேட்டாள் சிறுமி.

"அப்படி இருக்க முடியாது. ஊசலின் சூத்திரத்தில் நீளமும் புவியீர்ப்பும் மட்டுந்தான் வருகின்றன. சங்கிலியின் நீளம் மாறவில்லை; ஆகையால் நேரமும் மாறாது. உனக்கு அப்படித் தோன்றுகிறது, அவ்வளவுதான்" என்றான் அண்ணன்.

சிறுமி மறுமொழி கூறவில்லை. ஆயினும் அவள் முகம் வாடியதைக் கண்டோம். தன் கண்ணால் கண்டதைக் காட்டிலும் அண்ணனுடைய புத்தகமே பெரிது என்று அவள் அந்தக் கணத்தில் ஒப்புக்கொள்ளத் தொடங்கிவிட்டாள். இனி அடுத்த முறை அவள் கேட்கமாட்டாள். அதுதான் நமக்கு வருத்தத்தைத் தந்தது.

"மாறாது என்கிறாய், எண்ணித்தான் பார்த்துவிடுவோமே" என்றோம். பையன் கைப்பேசியில் நொடிகளைக் கணக்கிட்டான். தங்கை அமர்ந்து இருபது ஆட்டமும், நின்று இருபது ஆட்டமும் ஆடினாள். நின்று ஆடிய இருபதும் சில நொடிகள் முன்னதாகவே முடிந்துவிட்டன. மறுபடியும் எண்ணினான், அப்பொழுதும் அப்படியே. "சூத்திரம் தவறா?" என்று திகைத்து நின்றான் பையன்.

சூத்திரம் தவறன்று. அதில் வரும் நீளம் சங்கிலியின் நீளம் என்று அவன் கொண்டதுதான் தவறு. ஆடும் உடலின் எடை முழுவதும் திரண்டிருப்பதாகக் கொள்ளத்தக்க நடுப்புள்ளி ஒன்று உண்டு. மேல் கம்பியிலிருந்து அப்புள்ளி வரையுள்ள தொலைவே ஊசலின் நீளம். எழுந்து நின்றால் அப்புள்ளி மேலே ஏறுகிறது, ஊசல் குறுகுகிறது. அமர்ந்திருக்கையில் அத்தொலைவு இரண்டரை மீட்டர் என்றும், நிற்கையில் இரண்டு மீட்டர் என்றும் கொண்டால், இருபது ஆட்டங்களுக்கு முன்னதில் ஏறத்தாழ 63 நொடியும் பின்னதில் ஏறத்தாழ 57 நொடியும் ஆகும் என்று அதே சூத்திரம் கணக்கிட்டுத் தருகிறது.

பையனுக்குச் சூத்திரம் மனப்பாடம். அது எவ்வாறு வந்தது என்பது மட்டும் தெரியாது. ஊசல் குறுகினால் நேரம் ஏன் குறைய வேண்டும்? ஒரே கோணத்துக்கு விலக்கி விட்டால், இரண்டு ஊசல்களையும் புவியீர்ப்பு ஒரே வேகத்துடன்தான் விரைவுபடுத்துகிறது. ஆனால் குறுகிய ஊசலுக்குக் கடக்க வேண்டிய வழி சிறிது. ஆதலால் அது விரைவில் திரும்புகிறது. எடை கூடினால் ஏன் நேரம் மாறுவதில்லை? கனத்த பொருளைப் பூமி மிகுதியாக இழுக்கிறது. அதே அளவுக்கு அதனை அசைப்பதும் கடினமாகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்கின்றன. இதனை அறிந்தவன் ஊஞ்சலைக் கண்டதும் "எந்த நீளம்?" என்று கேட்டிருப்பான், அறியாதவன் தங்கையின் கண்ணையே பொய்யாக்கிவிட்டான்.

ஆக்குவதும் அறிவிப்பதும்

சூத்திரத்தை அறிவது வேறு, காரணத்தை அறிவது வேறு என்னும் இவ்வுண்மையை விளக்க நாம் வெளியே சென்று சொல் தேட வேண்டியதில்லை. நம் அணியிலக்கண நூலாகிய தண்டியலங்காரம், ஏது என்னும் அணியைக் காரக ஏது என்றும் ஞாபக ஏது என்றும் இரண்டாகப் பகுக்கிறது. ஒன்றை ஆக்குவது காரக ஏது; ஒன்றை அறிவிப்பது ஞாபக ஏது. மலையில் எழும் புகை அங்கே நெருப்பு இருப்பதை அறிவிக்கிறது. ஆனால் புகை நெருப்பை ஆக்குவதில்லை. நெருப்பே புகையை ஆக்குகிறது.

மணிமேகலையிலும் இதற்கொத்த பகுதி ஒன்று உண்டு. வஞ்சி மாநகரில் சமயவாதிகள் தத்தம் கொள்கைகளைக் கூறுமிடத்து, அளவைவாதி அனுமானத்தின் வகைகளை எடுத்துரைக்கிறான். ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு, தலைப்பகுதியில் மழை பெய்ததென அறிவது ஒரு வகை. சூல்கொண்ட முகிலைக் கண்டு மழை பெய்யும் என அறிவது மற்றொரு வகை. அறிவு இரு திசையிலும் செல்லலாம். காரியத்திலிருந்து காரணத்துக்கும் போகும், காரணத்திலிருந்து காரியத்துக்கும் போகும். காரணமோ ஒரே திசையில்தான் செல்கிறது. வெள்ளம் ஒருநாளும் மழையைப் பெய்விப்பதில்லை.

பௌதிகச் சூத்திரங்களின் இயல்பும் இதுவே. சமன் குறிக்கு இடமும் வலமும் ஒன்றுதான். ஊசலின் நீளம் தெரிந்தால் நேரத்தைக் கணக்கிடலாம்; நேரம் தெரிந்தால் நீளத்தைக் கணக்கிடலாம். ஆயினும் நூலை நீட்டினால் நேரம் கூடும். ஊசற்குண்டைக் கையாற் பிடித்து மெல்ல மெல்ல அசைத்தால் நூல் நீளுமோ? சூத்திரம் எந்தப் பக்கம் ஆக்குவது, எந்தப் பக்கம் ஆக்கப்படுவது என்று தானாகச் சொல்வதில்லை. அதனை அறிய உலகத்தில் கை வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றை மாற்றி, மற்றது மாறுகிறதா என்று காண வேண்டும். தேர்வுத்தாளில் சூத்திரத்தில் எண்ணை இட்டு விடை காண்பதற்கு மதிப்பெண் உண்டு. இந்த இரண்டாவது அறிவுக்குப் பெரும்பாலும் இடமே இருப்பதில்லை.

தில்லிக் குளிர் சொல்லும் பாடம்

காரணத்தைக் கேட்பது போதாது. கிடைத்த காரணத்தைச் சோதிக்கவும் வேண்டும். தெற்கிலிருந்து வந்து தில்லியில் குடியேறிய குடும்பங்கள் முதன்முதலாக எதிர்கொள்ளும் பௌதிகப் பிரச்சினை மார்கழி, தைக் குளிரன்றோ? குளிர்காலம் ஏன் வருகிறது என்று கேட்டால், "பூமி அப்பொழுது சூரியனைவிட்டு விலகிச் செல்கிறது" என்று படித்தவர்களும் கூறக் கேட்டிருக்கிறோம். கேட்பதற்கு இயல்பான காரணமாகவே தோன்றுகிறது. அடுப்பை விட்டு விலகினால் சூடு குறையத்தானே செய்யும்?

இக்காரணத்தைச் சோதிக்க ஒரு வினா போதும்: இது மெய்யானால் வேறு என்னென்ன நிகழ வேண்டும்? பூமி முழுவதும் ஒரே காலத்தில் குளிர வேண்டும். ஆனால் நாம் கம்பளி போர்த்தும் ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் கோடைக்காலம். அன்றியும், பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவதே ஜனவரித் தொடக்கத்தில்தான். அப்பொழுது இடைத்தொலைவு ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலைத் தொடக்கத்தில் 15.2 கோடி கிலோமீட்டர். நாம் நடுங்கும் காலத்தில்தான் அடுப்புக்கு அருகில் இருக்கிறோம்!

உண்மைக் காரணம் பூமியின் அச்சு ஏறத்தாழ இருபத்து மூன்றரைப் பாகை சாய்ந்திருப்பது. டிசம்பர் 21 ஆம் நாள் நண்பகலில் தில்லியில் சூரியன் அடிவானத்துக்கு மேல் சுமார் 38 பாகையே ஏறுகிறது. சென்னையிலோ சுமார் 53 பாகை ஏறுகிறது. சாய்ந்து விழும் கதிர் மிகுந்த நிலப்பரப்பில் பரந்து, சூட்டைப் பங்கிட்டுவிடுகிறது. பகற்பொழுதும் தில்லியில் சுமார் 10 மணி 20 நிமிடந்தான். சென்னையில் அதைவிட ஒரு மணி நேரம் மிகுதி. சென்னைக்கு அருகில் கடலும் இருந்து வெப்பத்தை அளவுபடுத்துகிறது. காரணங்கள் இவ்வாறு கூடி நின்றே நம் கம்பளியைப் பெட்டியிலிருந்து எடுப்பிக்கின்றன.

இதனை நம் பிள்ளைகள் மொட்டைமாடியிலேயே காணலாம். ஒரு மீட்டர்க் கோலைச் செங்குத்தாக நட்டு, நிழல் மிகவும் குறுகும் வேளையில் அளக்கச் சொல்லுங்கள். தில்லியில் டிசம்பர் 21 இல் நிழல் ஏறத்தாழ 128 சென்டிமீட்டர் இருக்கும். ஜூன் 21 இல் 9 சென்டிமீட்டர்தான் இருக்கும். அளந்த நிழலைக் கொண்டு சூரியனின் உயரத்தைக் கணக்கிடலாம். நிழலா சூரியனை உயர்த்தியது என்று கேளுங்கள், குழந்தை சிரிக்கும். அந்தச் சிரிப்பில் காரக ஏதுவும் ஞாபக ஏதுவும் விளங்கிவிட்டன என்று அறியலாம்.

புத்தகங்களும் இதில் தவறுவதுண்டு. விமானத்தின் இறக்கை மேற்புறம் வளைந்திருப்பதால் மேலே செல்லும் காற்று நீண்ட வழியைக் கடக்க வேண்டும். கீழே செல்லும் காற்றுடன் ஒரே நேரத்தில் பின்விளிம்பை அடைய வேண்டியிருப்பதால் அது விரைகிறது. விரைவதால் அழுத்தம் குறைந்து விமானம் எழுகிறது — இவ்விளக்கம் பல பாடநூல்களில் நெடுங்காலம் அச்சாகி வந்துள்ளது. இரு காற்றோட்டங்களும் ஒன்றாகச் சேர வேண்டுமென்று விதி ஏதும் இல்லை. அளந்து பார்த்தால் மேற்காற்று முன்னதாகவே சென்றுவிடுகிறது. வளைவுதான் காரணமானால் விமானம் தலைகீழாகப் பறக்கவே இயலாது, பறக்கிறது. இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. அதன் எதிர்விளைவாகக் காற்று இறக்கையை மேல்நோக்கித் தள்ளுகிறது. மேலும் கீழும் உள்ள அழுத்த வேறுபாடு அத்தள்ளுதலின் மற்றொரு முகம். காரணம் போன்ற வடிவில் வருவதெல்லாம் காரணம் ஆகிவிடாது.

கடல் ஏன் நீலம்?

இவ்வாறு ஒரு காரணத்தைச் சோதித்து, உலகம் போற்றும் உண்மையை அடைந்த வரலாறு நம்மைப்போல் ஊரைவிட்டு வந்து வாழ்ந்த தமிழருடையது. திருச்சிராப்பள்ளியில் 1888 இல் பிறந்த சந்திரசேகர வேங்கட ராமன், 1907 இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்குச் சென்றார். பகலில் அலுவலகக் கணக்கு. காலையிலும் மாலையிலும் பவ்பஜார் வீதியில் மகேந்திரலால் சர்க்கார் 1876 இல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி. பத்தாண்டுகள் இப்படிக் கழித்து, 1917 இல் அரசாங்கப் பதவியை விட்டுக் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

1921 இல் அவர் இங்கிலாந்து சென்று நார்குண்டா என்னும் கப்பலில் திரும்பினார். மத்தியதரைக் கடலின் நீலம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. கடல் ஏன் நீலமாக இருக்கிறது? அதற்கு விடை முன்பே இருந்தது. வானம் நீலமாயிருப்பதன் காரணத்தை விளக்கிப் பெரும்புகழ் பெற்ற ராலே பிரபு, ஆழ்கடலின் நீலம் வானத்தின் நீலம் நீர்ப்பரப்பில் பிரதிபலிப்பதே என்று கூறியிருந்தார். கூறியவர் மேதை, விடையும் எளிது. வேறொருவர் அத்துடன் நின்றிருப்பார்.

ராமனோ, பிரதிபலிப்புத்தான் காரணமானால் அதனை நீக்கிவிட்டால் நீலமும் நீங்க வேண்டும் என்று எண்ணினார். நீர்ப்பரப்பில் ஒரு குறித்த கோணத்தில் பிரதிபலித்து வரும் ஒளியின் அதிர்வு ஒரே தளத்தில் அமைந்திருக்கும். நிகோல் பட்டகம் என்னும் சிறு கருவியைத் தக்கவாறு திருப்பிப் பிடித்தால் அவ்வொளியை மட்டும் தடுத்துவிடலாம். கப்பலின் மேல்தளத்தில் நின்று அப்பட்டகத்தின் வழியே கடலை நோக்கினார். வானத்தின் பிரதிபலிப்பு மறைந்தது. கடலின் நீலமோ மறையவில்லை, முன்னிலும் செறிந்து தோன்றியது. நீலம் நீருக்குள்ளிருந்தே வருகிறது! கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்தபொழுது, 1921 செப்டம்பர் 26 ஆம் நாளிட்டு, இதனை "நேச்சர்" இதழுக்கு எழுதினார்.

நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்வதே அந்நீலத்துக்குக் காரணம் என்று ராமன் கொண்டார். நீர் சிவப்பொளியை உட்கொண்டுவிடுவதும் பெரும் பங்கு வகிக்கிறது என்று இன்று அறிகிறோம். சிவப்பை இழந்த ஒளியே சிதறி மேலே வருகிறது. ராலேயின் விடையை ராமன் திருத்தினார். ராமனின் விடையைப் பின்வந்தோர் நிறைவு செய்தனர். இதில் யாருக்கும் இழுக்கு இல்லை.

கல்கத்தா திரும்பிய ராமன் திரவங்களில் ஒளி சிதறுவதை மாணவர்களுடன் ஆராயத் தொடங்கினார். 1923 இல், பாலக்காட்டுக் கல்பாத்தியைச் சேர்ந்த கே. ஆர். ராமநாதன், சிதறிய ஒளியுடன் வேறு நிறத்து மங்கிய ஒளி ஒன்றும் கலந்து வருவதைக் கண்டார். திரவத்தில் கலந்துள்ள அழுக்கே அதற்குக் காரணம் என்று முதலில் கருதினர். அழுக்கு காரணமானால், அழுக்கை நீக்க அவ்வொளியும் நீங்க வேண்டும். திரவத்தைத் திரும்பத் திரும்பத் தூய்மை செய்தனர், அவ்வொளி நீங்கவில்லை. வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணனும் 1925 இல் அதனைக் கண்டார். 1928 தொடக்கத்தில் ராமனும் கிருஷ்ணனும் சுமார் அறுபது திரவங்களைச் சோதித்தனர். எல்லாவற்றிலும் அது தோன்றியது. எல்லாத் திரவத்துக்கும் பொதுவானது எங்ஙனம் அழுக்காகும்? ஒளி மூலக்கூறின்மேல் படுகையில் தன் ஆற்றலில் ஒரு பங்கை அதன் அதிர்வுக்குக் கொடுத்து, நிறம் மாறி வெளிவருகிறது என்பது தெளிவாயிற்று. 1928 பிப்ரவரி 28 ஆம் நாள் நிறமாலையில் கண்ட அவ்விளைவே ராமன் விளைவு. 1930 இல் நோபெல் பரிசு அதற்குக் கிடைத்தது. 1987 முதல் அந்நாள் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடப்படுகிறது.

கிருஷ்ணன் பின்னர் நம் தில்லியில் தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். ராமநாதன் ஆமதாபாத்தில் பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தின் முதல் இயக்குநரானார். ஊரைவிட்டு வந்தவர்கள் இவர்கள். கையோடு கொண்டுவந்த பெருஞ்செல்வம், "அது காரணந்தானா?" என்று கேட்கும் பழக்கமே.

காரணம் நின்றுவிடும் இடம்

எல்லா "ஏன்"களுக்கும் விடை உண்டு என்று பிள்ளைகளிடம் பொய் சொல்லவும் கூடாது. நியூட்டன் 1687 இல் ஈர்ப்பு விதியை வெளியிட்டார். அது நிலவின் ஓட்டத்தையும் கடலின் ஏற்றவற்றத்தையும் ஒருங்கே விளக்கியது. ஆனால் அந்த ஈர்ப்புக்கே காரணம் யாது என்று கேட்டபொழுது, அதனை நிகழ்ச்சிகளிலிருந்து தம்மால் கண்டறிய இயலவில்லை என்றும், கற்பனையாக ஒன்றைக் கட்டிக் கூறப்போவதில்லை என்றும் தம் நூலின் 1713 ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுதினார். பெருளும் ஆற்றலும் வெளியையும் காலத்தையும் வளைக்கின்றன என்று ஐன்ஸ்டைன் 1915 இல் கூறிய பிறகே அடுத்த படி கிடைத்தது. "தெரியாது" என்று நியூட்டன் எழுதியிராவிடில், விடை இருப்பதாகவே உலகம் மயங்கியிருக்கும்.

ரேடியத்தின் வரலாறு இன்னும் வியப்பானது. ஒரு கட்டி ரேடியத்தில் ஏறத்தாழ 1,600 ஆண்டுகளில் பாதி அணுக்கள் சிதைந்துவிடும். ஆனால் எந்த அணு, எந்தக் கணத்தில் சிதையும், ஏன் அது இன்று சிதைந்து அதன் அண்டை அணு சிதையவில்லை என்று கேட்டால், குவாண்டம் கொள்கை நிகழ்தகவை மட்டுமே தருகிறது. அந்தக் கணத்துக்கெனத் தனிக்காரணம் எதனையும் தருவதில்லை. காரணம் எங்கு வரை செல்கிறது, எங்கு நின்றுவிடுகிறது என்று அறிவதும் காரணத்தை நாடியவர்களுக்கே கிடைத்த அறிவாகும்.

வீட்டில் செய்யத்தக்கது

நம் குடும்பங்களில் தாய்மார் பலர், "பிள்ளைகள் இங்கே ஆங்கிலத்திலும் இந்தியிலும் படிக்கிறார்கள்; அந்தப் பாடத்தில் நாங்கள் என்ன சொல்லிக்கொடுக்க முடியும்?" என்று கூறி ஒதுங்கிவிடுகின்றனர். பாடத்தின் சொற்கள் வேற்று மொழியாக இருக்கலாம். "ஏன்?" என்னும் சொல் நம் வீட்டுச் சொல். குழந்தை முதன்முதலில் அதனைத் தமிழில்தான் கேட்டது. அதனை வாடவிடாமல் காப்பதற்குப் பட்டம் எதுவும் வேண்டியதில்லை.

அடுக்களையிலேயே தொடங்கலாம். குக்கரில் மூன்று விசில் வந்தால் பருப்பு வெந்துவிடும் என்கிறோம். விசிலா பருப்பை வேகவைக்கிறது என்று குழந்தையிடம் கேளுங்கள். நீராவி வெளியேறாமல் அழுத்தம் பெருகுவதால், நீர் நூறு பாகையில் கொதிக்காமல் ஏறத்தாழ 120 பாகை வரை சூடேறுகிறது. அச்சூடே பருப்பை விரைவில் வேகவைக்கிறது. அழுத்தம் எல்லையைத் தொட்டுவிட்டது என்பதை விசில் அறிவிக்கிறது, அவ்வளவே. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நாம் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்ததாலேயே முன்னது பின்னதற்குக் காரணம் ஆகிவிடாது என்பதை அக்கதையைவிடச் சுருக்கமாகச் சொல்ல யாரால் முடியும்? இதனைக் கற்ற பிள்ளை பௌதிகத்தில் மட்டுமன்றி, போலி மருந்து விற்பவனிடமும் ஏமாறாது.

வினாக்கள் மூன்றே. இது ஆக்குகிறதா, அறிவிக்கிறதா? இதுவே காரணமானால் வேறு என்ன நிகழ வேண்டும்? இதனை நீக்கினால் அதுவும் நீங்குகிறதா? விடை தெரியாதபொழுது "தெரியவில்லை, பார்ப்போம்" என்று சொல்வதற்குப் பெற்றோர் கூச வேண்டியதில்லை. "சும்மா இரு, புத்தகத்தில் உள்ளதைப் படி" என்று சொல்வதற்கே கூச வேண்டும்.

அன்று பூங்காவிலிருந்து திரும்புகையில் பையன் நெடுநேரம் பேசாமல் வந்தான். வீட்டு வாயிலை அடைந்ததும் தங்கையைப் பார்த்து, "நீ சொன்னதுதான் சரி. உனக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டான். "எனக்குத் தெரியாது அண்ணா, தெரியாததால்தானே கேட்டேன்" என்றாள் அவள்.